பெயின்ட் அடிக்காத கைமரம்

மல்பெரிக் குச்சிக் கட்டு ஒன்றை அம்மா தூக்கி உதறியபோது இலையிலிருந்து மஞ்சளாக மாவு கொட்டியது. உள்ளங்கையில் வாங்கி மோந்து பார்த்தாள். விரலால் தேய்த்தாள். மரத்தூள்.

அண்ணாந்து பார்த்தோம். எங்கள் புழு வீட்டின் முன்தாழ்வாரத்தில், கூரை ஓடுகளைத் தாங்கும் கைமரத்தின் அடிப்பக்கம், சுண்டுவிரல் நுழையும் அளவில் மூன்று பொத்தல்கள். டிரில் போட்டதுபோல அவ்வளவு வட்டம். ஒன்றில் ஒரு கருவண்டின் பின்பக்கம் தெரிந்தது. அது உள்ளே குடையக் குடைய, அடியில் அடுக்கியிருந்த இலைமேல் தூள் பொலபொலவென்று விழுந்துகொண்டிருந்தது.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். பாதியில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். சர்க்கார் தாளில் ‘புழு வளர்ப்பு மனை’ என்று எழுதுவார்கள். எங்களுக்கு அது ‘புழு வூடு’. சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்ட தட்டில் கால் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பவுடர், சென்ட், கொசுவத்தி எதுவும் ஆகாது. புகையிலை பட்ட கை இலையைத் தொட்டாலே போதும், புழு சுருண்டுவிடும். அதனால் புழு இருக்கிற வரைக்கும் அப்பா பீடியை விட்டுவிடுவார். விட்ட நாளெல்லாம் எல்லாரிடமும் எரிந்து விழுவார்.

அந்த மரத்துக்குப் பெயின்ட் அடிக்காததற்கும் காரணம் புழுதான். பெயின்ட் வாடை அதற்கு ஆகாது. வண்டுக்கோ பெயின்ட் இல்லாத காய்ந்த மரம்தான் வேண்டும். புழுவுக்காக நாங்கள் வெறுமனே விட்டுவைத்தது வண்டுக்குத் தோதாகப் போய்விட்டது. இதெல்லாம் பிறகு புரிந்தது.

அப்போது புழு நான்காவது தோலையும் உரித்து எழுந்திருந்தது. இன்னும் ஒரு வாரம் தின்றால் கூடு கட்டும். முந்தின இரண்டு தடவையும் நோய் விழுந்து, மொத்தப் புழுவையும் குழி தோண்டிக் கொட்டியிருந்தோம். மூன்றாவதும் போனால் மல்பெரியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி வைத்துவிடுவது என்று அப்பா சொல்லியிருந்தார். புழு அம்மாவின் பிடிவாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது.

இப்போது இந்த வண்டு. கைமரம் தாழ்வாரத்தோடு நிற்பதில்லை. சுவரைத் தாண்டி, புழுத் தட்டுகளுக்கு மேலே, கூரையின் உச்சி மோடு வரைக்கும் போகிறது. பொத்தல் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மரம் ஒடிந்தால் ஓடு நேராகப் புழுமேல்தான் விழும்.

“நீதான் காலேஜ் வரைக்கும் போனவனாச்சே. போன்ல பாத்துச் சொல்லு,” என்றார் அப்பா. அதில் கிண்டல் பாதி, நம்பிக்கை பாதி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிகிரி முடித்து, அரசுத் தேர்வுக்கு வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் ஓடவில்லையா, ரேஷன் கார்டில் தப்பா, எதுவானாலும் என் போன்தான்.

போனில் வந்த வழிகளில் முக்கால்வாசி மருந்தடிப்பது. மீதி, பொத்தலை அடைப்பது. மருந்து ஆகாது, அதனால் அடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மரப்புட்டி வாங்கி வந்து, ஏணி போட்டு மூன்றையும் பூசினேன். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் மரத்துக்குள், சைலன்ட்டில் போட்ட போன் அதிர்வதுபோல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது. மறுநாள் காலை நான் பூசிய புட்டி பூசியபடியே இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக இரண்டு பொத்தல்.

“மூணு இருந்துச்சி, அஞ்சாக்கிட்டான்,” என்றார் அப்பா. “இவன் இன்னும் கொஞ்சம் படிச்சான்னா மரமே மிஞ்சாது.”

“அது உள்ள மாட்டிக்கிச்சிப்பா. வெளிய வர வழி பண்ணிக்கிச்சி.”

“உன்ன ஒரு வூட்டுக்குள்ள வெச்சிப் பூட்டுனா நீ மட்டும் சும்மா இருப்பியாடா?” என்றாள் அம்மா. வண்டின் பக்கம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

எனக்கு ரோஷமாகிவிட்டது. வேப்பெண்ணெய் வாங்கி வந்தேன். கடை மருந்து இல்லை, மரத்தில் காய்ப்பது. அதுவும் தாழ்வாரத்தில்தானே பூசப் போகிறேன், உள்ளே இல்லையே என்று நினைத்தேன். பிரஷ்ஷை முக்கிக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டேன். இலை எடுக்க உள்ளேயிருந்து வந்த அம்மா வாசலிலேயே நின்றாள்.

“என்னாடா நாத்தம் அது?”

“வேப்பெண்ணெம்மா. மருந்தில்ல, இயற்கை.”

“பூச்சி சாவுமில்ல?”

“சாவும்.”

“அப்ப உள்ள இருக்கறது என்னாடா? ஆட்டுக்குட்டியா?”

கீழே பார்த்தேன். ஏணிக்கு நேர் அடியில் மத்தியானத் தீனிக்கான இலை. பிரஷ் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. எனக்குக் கையை எந்தப் பக்கம் நகர்த்துவதென்று தெரியவில்லை. அம்மா ஓடிவந்து முந்தானையை அடியில் விரித்துப் பிடித்தாள். சொட்டு அதில் விழுந்தது.

வேறெங்காவது சிந்தியிருக்குமோ என்று அந்த இலை முழுவதையும் அப்பா தூக்கிக் கொண்டுபோய் எருக்குழியில் போட்டார். அம்மா தலைக்குக் குளித்து, சேலை மாற்றிக்கொண்டு, புதிதாக இலை அறுக்கப் போனாள். தீனி தாமதமாயிற்று. சன்னல் வலை வழியாகப் பார்த்தேன். புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கித் தேடிக்கொண்டிருந்தன. கை நாறுகிறது என்று என்னை உள்ளே விடவில்லை.

அதற்குப் பிறகுதான் பாப்பாரப்பட்டியில் மரவேலை செய்யும் பாயைக் கூப்பிட்டோம். வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் வண்டியில் வந்து இறங்கினார். அவருக்கு முன்னால் வாசனை வந்தது.

“பாய், சென்ட்டுங்களா?” என்றாள் அம்மா.

“அத்தருங்க. இன்னிக்கி வெள்ளிக்கெழம இல்லீங்களா?”

“அப்ப அங்கியே நில்லுங்க, கோச்சிக்காதீங்க.”

“மரம் பாக்கக் கூப்ட்டுட்டு மரத்துப் பக்கமே வுட மாட்டேங்கறீங்களே!”

“நானே பீடியத் தொட்டு மூணு வாரமாச்சிங்க,” என்றார் அப்பா. “அதுக்கு நீங்க பரவால்ல.”

பாய் சிரித்துக்கொண்டே பாதையோரப் புளியமரத்தடிக்குப் போய் நின்றார். அங்கிருந்து எனக்கு வீடியோ கால் போட்டார். நான் குளித்து, கால் நனைத்து, போனோடு உள்ளே போனேன்.

“வெரல்ல தட்டாத தம்பி, கேக்காது. கட்ட எடுத்துத் தட்டு. சொவுத்துக்கிட்டருந்து வா.”

தட்டினேன். காலி டப்பாவைத் தட்டியதுபோலக் கேட்டது.

“ம். ஒரு சாண் தள்ளி. ம். இன்னும் தள்ளி.”

நான்காவது சாணில் சத்தம் இறுகியது. அது எனக்கே தெரிந்தது.

“நில்லு. அதோட முடியுது. அதுக்கப்புறம் மரம் நல்லாருக்கு.” பிறகு அப்பாவிடம் சொன்னார்: “இது ஒரு வருசத்து வேல இல்லீங்க. பழைய பொத்துலயே திரும்பத் திரும்ப வந்து உள்ள தள்ளிக்கினே போயிருக்குது. நான் உளி வெச்சாக்கூட இவ்ளோ நைசா வராது.”

“வுழுந்துருமா பாய்?”

“நாளைக்கே வுழாதுங்க. காத்தடிச்சா சொல்ல முடியாது. ஒரு முட்டுக் குடுத்து வெயிங்க. கூடு எறங்குனதும் மாத்திரலாம். அதுவரைக்கும் வண்டத் தொந்தரவு பண்ணாதீங்க. வழிய அடைச்சா வேற வழி போடும். தம்பிக்கே தெரியும்.”

தைலமரக் கம்பு ஒன்றை வெட்டி முட்டுக் கொடுத்தோம். இலை வைக்கும் இடத்தை எங்கள் வீட்டுக்குள் மாற்றினோம். என் மேசையடியில் ஈரச்சாக்குப் போட்டு மூடிய மல்பெரி, மேலே தேர்வுப் புத்தகம். தாழ்வாரத்தில் வண்டுகள் போக்குவரத்தாக இருந்தன. ஒன்று மட்டும் எங்கள் முகத்துக்கு நேரே அந்தரத்தில் நின்று முறைக்கும். அது ஆண், கொட்ட அதனிடம் கொடுக்கே இல்லை என்று போனில் படித்துச் சொன்னேன். “ஒங்கப்பா மாதிரி,” என்றாள் அம்மா.

வண்டைப் பார்த்த ஐந்தாம் நாள் சாயங்காலம் காற்றடித்தது. புழுதி கிளம்பி, மோட்டில் ஓடுகள் கடகடத்தன. அப்பா முட்டுக் கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பிடிப்பதால் எதுவும் நிற்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும். நானும் போய்ப் பிடித்துக்கொண்டேன். உள்ளே அம்மா தட்டுகளுக்கு மேல் தார்ப்பாயை விரித்து ஒரு முனையைப் பிடித்தபடி நின்றாள். இரண்டு ஓடு நகர்ந்தது. ஒன்றும் விழவில்லை.

இரண்டு நாள் கழித்துப் புழு பழுத்தது. உடம்பு கண்ணாடிபோல மஞ்சள் கட்டி, தின்பதை நிறுத்தி, தலையாட்டத் தொடங்கியது. பொறுக்கிப் பொறுக்கிக் கூடு கட்டும் வலையில் விட்டோம். கூடு வெள்ளை வெளேரென்று, கெட்டியாக வந்தது. தருமபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்த அன்று அப்பா புளியமரத்தடியில் அடுத்தடுத்து இரண்டு பீடி குடித்தார்.

மறுநாள் பாய் வந்தார். “மோந்து பாத்துக்கங்க, அத்தரு இல்ல,” என்று சட்டையை நீட்டினார். கைமரத்தை இறக்கி, பழுதான பாகத்தை அறுத்து, நுனியில் ஒரு முழத்தை மட்டும் பிளந்து காட்டினார். உள்ளே நீளமாகச் சுரங்கம். அதை மரத்தூளால் தடுத்துத் தடுத்துச் சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஒரு மகரந்த உருண்டை, அதன்மேல் வெள்ளையாக ஒரு புழு.

அம்மா குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். “ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா சோறு கட்டி வெச்சிட்டுப் போயிருக்குது பாரு.”

“அடுப்புக்கு ஆவுங்க,” என்றார் பாய். “நல்லாக் காஞ்ச மரம்.”

நாங்கள் விற்ற கூடு, உள்ளே இருக்கும் புழுவோடு, கொதிக்கிற தண்ணீருக்குத்தான் போகும். அது அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதைப்பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அம்மா பிளந்த முழத்தைச் சேர்த்துவைத்துச் சணல் சுற்றினாள். பிளக்காத துண்டையும் என்னிடம் கொடுத்து, வேலியோரப் புங்கமரத்தில் கட்டச் சொன்னாள்.

“வண்டுக்குக் குடி மாத்தறது எனக்கு இதான் மொத தடவைங்க,” என்றார் பாய்.

புது மரம் ஏறியதும், செலவைக் காட்டி அப்பா திரும்ப மரவள்ளிப் பேச்சை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாயிடம் கேட்டது, “பெயின்ட் அடிச்சா வாட போவ எத்தினி நாளாவும்?”

“இந்த வெயிலுக்கு ஒரு மாசம் வெச்சிக்கங்க.”

“அடிச்சிருங்க. ஒரு தடவ புழு வெக்காம வுட்டுட்டாப் போச்சி.”

அம்மா தலையைத் திருப்பிக்கொண்டு பாய்க்கு டீ வைக்கப் போனாள்.

அந்த மாதம் முழுக்கத் தினமும் காலையில் அவள் ஏணியேறிக் கைமரத்தை மோந்து பார்ப்பாள். “இருக்குது,” என்று சொல்லிவிட்டு இறங்குவாள். ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள். திரும்ப ஏறி, இன்னொரு முனையையும் மோந்தாள்.

“இல்லடா. போயி நமக்கு அடுத்த தடவைக்குப் புழு வேணும்னு சொல்லிட்டு வா.”

வண்டியை எடுத்துக்கொண்டு வேலியைக் கடக்கும்போது நிறுத்தினேன். புங்கமரத்தில் கட்டிய துண்டுக்கு அடியில், உதிர்ந்த சருகின்மேல், மஞ்சளாகப் புதுத் தூள்.