மறைப்புக்குள் கொஞ்ச நேரம்

தையல் ஆலையில் சட்டைகளுக்குப் பட்டன் வைத்தே அவளுக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. எல்லோருக்கும் அவள் ‘பட்டன் அக்கா’. சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றால், திரும்பாமலே அவளுக்குத் தெரிந்துவிடும். வீட்டிலோ, அவள் அடுப்பில் வைத்த சட்டியின் மூடியைக்கூடப் புருஷன் பின்னால் வந்து நின்று திறந்து பார்ப்பான்.

தேர்தலுக்கு முந்தின நாள் சூப்பர்வைசர் சிரித்தார். “ஏம்மா, உன் ஒத்த ஓட்டுல உலகம் புரண்டுடுமா? யார் வந்தாலும் நீ பட்டன்தானே தைக்கப் போற?”

“புரளாட்டி போகட்டும் சார். நான் போவேன்.”

மறுநாள் காலை, யாருக்குப் போடவேண்டும் என்று புருஷன் வாசல்வரை வந்து பாடம் நடத்தினான். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவைத்தாள்.

வாக்குச்சாவடியில் அட்டை மறைப்புக்குள் நுழைந்து தனக்குப் பிடித்தவருக்குப் போட்டாள். புருஷன் சொன்ன ஆளுக்கு இல்லை. போட்ட பிறகும் நகரவில்லை. வரிசை முணுமுணுத்தது.

“என்னம்மா, இன்னும் முடியலையா?” என்று அதிகாரி எழுந்து வந்தார்.

“அங்கயே நில்லுங்க சார்!” என்றாள், திரும்பாமலே. “ஓட்டு அப்பவே போட்டாச்சு. முதுகுக்குப் பின்னாடி யாரும் வந்து நிக்கக் கூடாத இடம் எனக்கு இது ஒண்ணுதான். கொஞ்சம் நின்னுட்டு வர்றேன்.”