சேலைன் போத்தலுக்குள் மண்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மழை விட்ட கையோடு என் வீட்டுக்காரர் வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்கினார். மிளகுக் கொடி சாய்ந்துவிட்டதாம்.

"செருப்பப் போட்டுக்கிட்டுப் போங்க! ஒங்களுக்குச் சீனி வருத்தம் ஈக்கி, புண்ணு வந்தா ஆறாது!" குசினி ஜன்னலால் கத்தினேன்.

கேட்டாரா? கணக்கு வாத்தியாராக இருந்த மனிதர். வேலையில் இருந்த காலமெல்லாம் அதிபர் சொல் கேட்டது போதுமாம், பென்ஷன் எடுத்த பிறகு யார் சொல்லையும் கேட்பதில்லை என்று ஒரு வைராக்கியம்!

மண்ணுக்குள் கிடந்த துருக்கம்பி ஒன்று கணுக்காலுக்கு மேலே கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். குழாயடியில் கழுவிவிட்டு வந்து பிளேன்டீ கேட்டார். இரண்டொரு நாளில் கால் சிவந்து, சூடாகி, பளபளவென்று வீங்கிவிட்டது.

எங்கள் அலவத்துகொடப் பக்கம் ஒருவருக்கு வருத்தம் என்றால் டொக்டருக்கு முன்னால் வருவது யார் தெரியுமா? சொந்தக்காரர்கள். வெறுங்கையோடு வரமாட்டார்கள். தங்கள் வீட்டில் மிஞ்சிய மருந்துக் குளிசைகளை ஒரு டின்னில் போட்டுக்கொண்டு வருவார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு டின் இல்லையா? அலுமாரியைத் திறந்து பாருங்கள்... சும்மா சொல்லாதீர்கள்!

இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஹபீபா மதினி, என் வீட்டுக்காரரின் மூத்த சகோதரி, பிஸ்கட் டின்னோடு வந்து சேர்ந்தார்.

"தம்பி, இந்தச் செவப்பும் மஞ்சளும் குடிங்க. எனக்குப் பல்லு வீங்கின நேரம் தந்தது. கையோட கேட்டிச்சு."

"டொக்டர்கிட்டக் காட்டுவோமே மதினி..."

"காட்டுங்க புள்ள, யாரு வாணாங்கிற? அதுவரைக்கும் இது ஈக்கட்டும்."

அன்புதான். சத்தியமாக அன்புதான். நோன்புக் கஞ்சியைப் பங்கு வைக்கிற அதே கைதான் குளிசையையும் பங்கு வைக்கிறது. என் வீட்டுக்காரர் விழுங்கினார். வீக்கம் கொஞ்சம் இறங்கியது போல ஒரு தோற்றம். உடனே நிறுத்திவிட்டு, மீதியை டின்னுக்கே திருப்பிக் கொடுத்தார். "வேற யாருக்காச்சும் ஒதவும்."

அடுத்த நாள் காலை அவருக்கு உடம்பு நடுங்கி, காய்ச்சல் அடித்தது. சிவப்பு முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு பேராதனை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மதினியும் ஏறிக்கொண்டார்.

வார்டில் எங்களைப் பார்த்தது யாழ்ப்பாணத்து இளம் பெண் டொக்டர்.

"அம்மா, வீட்டில ஏதும் குளிசை குடுத்தனீங்களோ?"

நான் வாயைத் திறக்க முன், மதினி ஹேண்ட்பேக்குக்குள்ளிருந்து டின்னையே எடுத்து நீட்டினார். பெருமையோடு!

"இது ஆற்ற குளிசை?"

"எல்லாரோடதும்தான், டொக்டர்."

டொக்டர் டின்னைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார். பிறகு ஒரு பேனையை எடுத்து, என் வீட்டுக்காரரின் காலில் சிவப்பு முடிகிற இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் மருந்து கேட்கவில்லை என்று அர்த்தமாம். கீறலில் இருந்த சீழையும் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, சேலைன் போத்தலில் ஒரு மருந்து ஏற்றத் துவங்கினார்.

"கோடு வளைஞ்சி ஈக்கே" என்றார் கணக்கு வாத்தியார். அந்தக் காய்ச்சலிலும்!

மூன்றாம் நாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. அவர் பகிடி விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "கால எடுத்துருவாங்களோ?"

நான் வெளியே போய் டொக்டரிடம் அதையே கேட்டேன்.

"இண்டைக்கு ஒண்டும் சொல்லேலாது அம்மா. ரிப்போர்ட் வந்திட்டுது. இப்ப ஏத்துற மருந்துக்கு இந்தக் கிருமி மசியாது. வேற ஒண்டு துவங்கிறம்."

யா அல்லாஹ்!

புதுப் போத்தல் கொழுவினார்கள். வன்கோமைசின் என்று பெயர். சொட்டுச் சொட்டாக, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டுமாம். நான் அந்தப் போத்தலையே முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு டொக்டர் சொன்னார்: "இது மண்ணிலயிருந்து வந்த மருந்து அம்மா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த மண்ணாலதானே டொக்டர் இவ்வளவும்!"

சிரித்துவிட்டார். "ஓம். ஆனா மண்ணுக்க ஒரு சாதிக் கிருமியோ இருக்கு? சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் அதுகளுக்குள்ள ஓயாத சண்டை. அதில ஒரு கூட்டம், பக்கத்தில இருக்கிறதுகள் அண்டாம இருக்க ஒரு சாமான் செய்யும். அதைத்தான் நாங்கள் எடுத்துப் போத்தில்ல ஏத்துறம்."

"அது என்ன செய்யும்?"

"பக்டீரியாவைச் சுத்தி ஒரு சுவர் இருக்கு. அது வளர வளர, சுவருக்குப் புதுக் கல்லு வைச்சுக் கட்டிக்கொண்டே இருக்கவேணும். இந்த மருந்து போய் அந்தக் கல்லைக் கெட்டியாப் பிடிச்சுக்கொள்ளும். கல்லோட கல்லு பொருந்தாது. சுவர் பலம் கெட்டுப்போகும், தண்ணி உள்ள அடிச்சு, ஆள் வெடிச்சுப்போவார்."

"அப்ப இவர்ட ஒடம்புக்கு?"

"எங்கட உடம்புக் கலங்களுக்கு அந்தச் சுவரே இல்லையம்மா. இல்லாத சுவரை என்னெண்டு இடிக்கிறது?"

பிறகு வீட்டில் இருந்து இதைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். பென்சிலினும் சுவர் விவகாரம்தானாம். அதைச் செய்வது ஒரு பூஞ்சணம். பென்சிலின் கல்லை விட்டுவிட்டு, கல் வைக்கிற மேசனின் கையைக் கட்டிவிடும்! வேறு சில மருந்துகள் சுவர்ப் பக்கமே போகாமல், உள்ளே நுழைந்து, பக்டீரியா புரதம் செய்கிற பட்டறையை நிறுத்திவிடும். அவற்றிலும் பல மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் செய்தவை. எங்கள் ஊரில் வேலிச் சண்டையால் யாருக்காவது நன்மை கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதேயில்லை. இது ஒன்றுதான்.

அன்று அதெல்லாம் எங்கே தெரியும்? துஆ ஓதுவேன், போத்தலைப் பார்ப்பேன், கோட்டைப் பார்ப்பேன். டொக்டர் புதிதாகப் போட்ட கோட்டைச் சிவப்பு தாண்டவில்லை. ஆனால் குறையவும் இல்லை. மதினி தஸ்பீஹ் மணியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். டின் இருந்த ஹேண்ட்பேக்கைச் சீலைத் தலைப்பால் மூடியிருந்தார், பாவம்.

பிறகு ஒரு காலை. நான் கஞ்சிப் போத்தலோடு உள்ளே நுழைகிறேன், அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இங்க வந்து பாரு. கோட்டுக்கும் செவப்புக்கும் நடுவுல வெறும் தோலு ஈக்கி!"

ஒரு விரல் அகலம் இருக்கும். அந்த ஒரு விரல் அகலத் தோலைப் பார்த்து நான் அழுத அழுகை... பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோய் நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டுவிட்டார்!

டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற அன்று டொக்டர் ஒரு குளிசை அட்டை தந்தார். தந்துவிட்டு மதினியைப் பார்த்துத்தான் சொன்னார்: "சுகமாயிட்டுது எண்டு இடையில நிப்பாட்டக் கூடாது. பல்லுக்குத் தந்தது காலுக்குக் கேக்காது. அரைகுறையாக் குடிச்சா, தப்பின கிருமி திரும்ப எழும்பும். எல்லாரும் இப்பிடியே செய்தா, இந்தப் போத்திலும் ஒருநாள் கேக்காமப் போயிடும் அம்மா."

மதினி தலையாட்டினார். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே... போன கிழமை, என் வீட்டுக்காரர் கடைசிக் குளிசையை விழுங்கித் தண்ணீர் குடிக்கிற நேரம் பார்த்து மதினி வந்தார். கையில் டின்.

"தம்பி, அதுல மிச்சம் ஏதும் ஈக்கா?"

அவர் வெறும் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "மிச்சம் வச்சிருந்தா ராத்தா, எனக்கு ஒரு காலுதான் மிச்சம்."

மதினி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டின்னோடு என்னிடம் வந்து, "இந்தா புள்ள, ஆஸ்பத்திரிக்குப் போற நேரம் இதையும் குடுத்துருங்க. அந்த டொக்டர் புள்ளட்டயே" என்று வைத்துவிட்டுப் போனார்.

நேற்றும் மழை. விட்டதும் மண் வாசம் குப்பென்று வந்தது. அந்த வாசத்தைச் செய்வதும் மண்ணில் வாழும் அதே மருந்துக்காரக் குடும்பம்தானாம். நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டேன். கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு, நம்மைத் தெரியவே தெரியாத ஒன்றுக்கு எப்படி நன்றி சொல்வது? அதைப் படைத்தவனிடம் சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மிளகுக் கொடியடிக்குப் போனார். செருப்போடு! அவர் போன பிறகு ஈர மண்ணைக் குனிந்து பார்த்தேன். இடது தடம், வலது தடம்... இரண்டும் இருந்தன.

ஜஸாக்கல்லாஹ், மண்ணே!