சாட்சிக் கூண்டில் அக்கா சொன்ன பொய்

நீதிமன்ற மேசைமேல் கிடந்த செக்ரோல் புத்தகத்தின் அட்டையில் தேயிலைக் கறை படிந்திருந்தது. எழுபதுகளின் நடுவில், சின்னக்கானலுக்கு அருகே ஓர் எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வருகையை நான் நாள்தோறும் குறித்துவந்த புத்தகம் அது. பட்டம் பெற்ற கையோடு எனக்கு அங்கே ரைட்டர் வேலை. காய்ச்சலில் படுத்த பெண்களுக்கும் வந்ததாகவே பெயர் போடுவேன். தொடர்ந்து வராதவர்களிடமிருந்து எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்பதால், அதுவே நியாயம் என்று நம்பினேன்.

லயத்தில் எல்லோரும் அக்கா என்றழைத்த கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் ஒரு நாள் அப்படிப் போட்டேன். அன்றுதான் கங்காணி லயத்து முற்றத்தில் ஓர் இளைஞனை அடித்துக் கையை முறித்தார். வீட்டில் காய்ச்சலோடு கிடந்த அக்கா மட்டுமே அதைப் பார்த்தவள். வழக்கு வந்தபோது, கூண்டில் கர்த்தரின் பெயரால் சத்தியம் செய்து, பார்த்ததைப் பிசகாமல் சொன்னாள். கங்காணியின் வக்கீல் புத்தகத்தைத் திறந்தார். அந்த நேரத்தில் அவள் மலையில் கொழுந்து பறித்ததாக இருக்கிறதே, எப்படி என்றார். அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள்.

"அது எனக்குத் தெரியாதுய்யா."

அடுத்து நான் கூண்டேறினேன். அவள் அன்று வேலைக்கு வந்தாளா என்று கேட்டார்கள். "வந்ததாகப் புத்தகத்தில் இருக்கிறது" என்றேன். கங்காணி விடுதலையானார். அக்கா சொன்னது நம்பத்தக்கதல்ல என்று தீர்ப்பு எழுதப்பட்டது.

பொய்யென்று அறிந்தே சொல்வதைத்தான் சட்டம் பொய்ச்சாட்சி என்கிறது. இன்று அந்தப் பிரிவைப் படிக்கும்போது, அக்கா சொன்ன பொய் அந்த மூன்று சொற்கள் மட்டுமே என்று தெரிகிறது. என் சொற்களிலோ பிழையே இல்லை. அவற்றைக் கேட்ட நீதிபதிதான் பொய்யை நம்பினார். எந்தப் பிரிவும் தொடாதபடி யோசித்தே நான் பேசியிருந்தேன்.

திரும்பும் பேருந்தில், "என் வேலையைக் காப்பாற்றத்தானே அப்படிச் சொன்னீங்க, அக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா, ரைட்டருக்கு எப்பவும் தன் வேலை நெனப்புத்தான்" என்று சிரித்தாள். "புத்தகம் பொய்யின்னு நான் சொன்னா எல்லாப் பொம்பளைக பேரையும் தோண்டுவாக. அத்தனை வீடும் போயிரும். அன்னைக்கு ஒருத்திக்கு மட்டும் தப்பாப் போட்டுட்டேன்னு நீங்க சொல்லியிருந்தா, உங்க வேலையோட போயிருக்கும் தம்பி."



அடுத்த மழைக்காலத்தில், காய்ச்சலோடு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அக்கா, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு வந்து நின்றாள். நான் பெயரைக் கூப்பிடுமுன்பே, "வந்திருக்கேன், நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றாள். மற்றப் பெண்களும் அப்படியே வரத் தொடங்கினார்கள். நான் அங்கிருந்த மிச்ச வருடங்களில், வராத நாளுக்குப் பெயர் போடச் சொல்லி ஒருத்திகூட என்னிடம் கேட்கவில்லை.