யன்னல் கண்ணாடி

அச்சுவேலியில் யன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவித்தோம். அரைக் கதவளவு இருந்தது. கடைக்காரர் பழைய பேப்பர் சுற்றித் தந்தார்.

"ஓட்டோ பிடிப்பமப்பா" என்றாள் மனைவி.

"உதுக்கு ஏன் ஓட்டோ? பின்னாலை இருந்து வடிவாப் பிடியும்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன். நான் சொல்வழி கேட்கிற ஆளில்லை.

வழியில் நாயொன்று குறுக்கே பாய, சடாரென்று பிரேக் பிடித்தேன். திரும்பிப் பாராமலே, "கண்ணாடி உடைஞ்சுபோச்சோ?" என்று கத்தினேன்.

"கண்ணாடிக்கு ஒண்டுமில்லை" என்றாள். நான் வீடு வரும்வரை நிறுத்தாமலே ஓட்டினேன்.

முற்றத்தில் இறங்கித் திரும்பினால், பேப்பரெல்லாம் இரத்தம். கண்ணாடி விளிம்பு அவளுடைய உள்ளங்கையைக் கிழித்திருந்தது.

அப்போதும் நான் முதலில் கண்ணாடியைத்தான் வாங்கி, சுவரோடு பத்திரமாகச் சாத்தி வைத்தேன்.