ஆடி மாதத்து மலைக் கல்யாணம்

ஓடிப்போய்த் திருமணம் செய்துகொள்வது இளவயதினரின் காரியம் என்றே அறுபத்தேழு வயது வரையில் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைத் திருத்தியவள் என் மகள். மன்னார்புரத்தில் அவள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு முடிந்து நான் கை துடைத்துக்கொண்டிருந்தபோது, தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். மூடுபனி படர்ந்த மலைச்சரிவு ஒன்றில் மணமகனும் மணமகளும் மாலையோடு தனித்து நின்றனர். அவர்களுக்குப் பின்னால் புல்வெளியைத் தவிர வேறெதுவும் இல்லை.

"இப்ப இதான்ப்பா பேஷன். ரெண்டே பேரா மலைக்குப் போய்க் கட்டிக்கிட்டு வந்துடறாங்க. யாரையும் கூப்பிட வேண்டாம், யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டாம். நீங்களும் டீச்சரும் இப்படிப் பண்ணா என்ன?"

"என்னை ஓடிப்போகச் சொல்றியா?"

"ஓட வேண்டாம். உங்க முட்டிக்கு அது ஆகாது. கார்லயே போலாம், உங்க மாப்பிள்ளை ஓட்டுவாரு."

மருமகன் குனிந்த தலை நிமிராமல் மோர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறார் என்று தெரிந்துகொண்டேன்.

டீச்சர் என்று என் மகள் குறிப்பிட்ட அம்மையார் ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சூழ்ந்த உத்தர வீதி ஒன்றில் பிறந்து, பிறந்த வீட்டிலேயே வாழ்ந்து, பெண்கள் பள்ளியொன்றில் கணக்கு கற்பித்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளாதவர். அவருடைய தமையனாரின் மனைவி இளமையிலேயே காலமாகிவிட்டமையால், அந்தப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பிலேயே திருமண வயது கடந்துபோயிற்று. பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் அந்த நீண்ட வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டுமே எஞ்சினர். தமையனார் கோயில் பாராயண கோஷ்டியில் முன்வரிசையில் நிற்பவர். ஆசாரத்தில் சிறிதும் வழுவாதவர் என்று வீதி முழுவதும் பெயர் பெற்றவர்.

நானோ ஜீயபுரத்தில் வாழை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அரியமங்கலத்தில் லேத் பட்டறை நடத்தியவன். பட்டறை இப்பொழுது மருமகன் பொறுப்பில் உள்ளது. என் மனைவி காலமான பின்னர் ஸ்ரீரங்கத்தில் ஒரு சிறிய அடுக்கக வீட்டுக்குக் குடிவந்தேன். நான் படித்தவை யாவும் நூலகங்களில் படித்தவையே. டீச்சரை அறிந்ததும் நூலகத்திலேதான். எங்கள் கிளை நூலகத்துக்கு வரும் நாளிதழின் குறுக்கெழுத்துக் கட்டங்களை எவரோ காலையிலேயே பென்சிலால் நிரப்பிவிடுவதாக அவர் நூலகரிடம் முறையிட்டார். நூலகர் என்னைச் சுட்டிக்காட்டினார்.

"நிரப்பறதுதான் நிரப்பறீங்க, சரியாவாவது நிரப்பக் கூடாதா?" என்பதே அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

அதன்பின் கட்டங்களை இருவரும் சேர்ந்து நிரப்பினோம். சேர்ந்து வாழலாம் என்பதை நான் சொல்லி முடிக்கப் பல மாதங்கள் ஆயின. அவர் இசைவதற்கு ஒரு மாலைப்பொழுதே போதுமானதாக இருந்தது. ஆயினும் ஒரு நிபந்தனை விதித்தார். தமையனாரிடம் நான் பெண் கேட்டு வரலாகாது என்றார்.

"நேர்ல கேட்டா அவர் முடியாதுன்னுதான் சொல்லணும். அவர் நிக்கற இடம் அப்படி. ஒரு தடவை சொல்லிட்டார்னா அப்புறம் மாத்திக்க மாட்டார். அந்த வார்த்தையை அவர் வாயால சொல்ல வைக்க எனக்கு மனசு வரலை. பண்ணிண்டு வந்து நிக்கறேன். கதவைத் திறக்கறதும் திறக்காததும் அவர் இஷ்டம்."

அவ்வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே செல்பவர் வாசல் பூட்டின் சாவியைப் பக்கச் சுவரின் மாடத்தில், விளக்குக்குப் பின்னால் வைத்துச் செல்வார். அவ்விடம் அண்ணனுக்கும் தங்கைக்கும் மட்டுமே தெரியும். "நான் திரும்பி வரச்சே சாவி அங்க இல்லைன்னா எனக்குப் புரிஞ்சுடும்" என்றார் டீச்சர். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று குறுக்கெழுத்தில் அவர் ஒரு கட்டத்தையும் நிரப்பவில்லை.

ஆகவே மகள் காட்டிய மலை எங்களுக்கு ஏற்ற வழியாகத் தோன்றிற்று. ஊட்டிக்கு அப்பாலுள்ள ஒரு தேசியப் பூங்காவை அவளே தேர்ந்தெடுத்தாள். புரோகிதர் இன்றியும், உற்றார் சிலர் முன்னிலையில் மாலை மாற்றித் தாலி கட்டினால் அத்திருமணம் சட்டப்படி செல்லும் என்பதை நான் நூலகத்தில் படித்து உறுதி செய்துகொண்டேன். மகளும் மருமகனுமே சாட்சிகள்.

நாள் குறிப்பதில் நான் என் புத்திசாலித்தனத்தைக் குறித்துச் சற்றுப் பெருமிதம் அடைந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஆடி மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆடியில் எவர் வீட்டிலும் திருமணம் நிகழாது. ஆதலால் எவருக்கும் ஐயம் எழாது. அதிலும் பதினெட்டாம் பெருக்கு, நாள் நட்சத்திரம் பார்க்காமலே எந்த நற்காரியத்தையும் தொடங்கத்தக்க நாள். டீச்சர் முதலில் புருவத்தை உயர்த்தினார். பின்னர், "முகூர்த்தமே பாக்காதவாளுக்கு ஆடியென்ன, மார்கழியென்ன" என்று இசைந்தார்.

கம்பளிச் சட்டை வாங்குவதற்காகச் சின்னக்கடை வீதிக்குச் சென்றேன். ஆடித் தள்ளுபடிக்காகத் திரண்டிருந்த பெண்கள் கூட்டத்தில் நீந்தி உள்ளே சென்று, ஸ்வெட்டர் இருக்கிறதா என்று வினவினேன். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த விற்பனைப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வீட்டுல ஏசி ரொம்ப வெச்சுட்டாங்களா ஐயா?"

"மலைக்குப் போறோம்மா."

"இந்த மாசத்துலயா? யாரும் கேக்கறதில்லைன்னு எல்லாத்தையும் மேல மூட்டை கட்டிப் போட்டிருக்கு. மார்கழில வாங்க."

அவள் சொல்லில் ஓர் எச்சரிக்கை இருந்திருக்கலாம். அந்நேரம் எனக்கு அது எட்டவில்லை. முடிவில் மருமகனின் பழைய ஸ்வெட்டர் ஒன்று எனக்குப் பொருந்திற்று.

அடுத்து, பூங்காவின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். ஆடியின் தொடக்கத்தில் நிகழ்ந்த உரையாடல் அது. மறுமுனையில் பேசியவர் பொறுமைசாலி.

"பெர்மிட் போட்டுட்டு வந்து பாத்துட்டுப் போலாம் ஐயா. ஆனா உள்ள பாட்டு, மேளம் கூடாது."

"மேளம் இல்லைங்க. நாலே பேர்."

"சாப்பாடு எடுத்துட்டுப் போகக் கூடாது. நெருப்பு பத்த வெக்கவே கூடாது. ஊதுபத்தி, சூடம் கூட."

"மாலை?"

"போட்டுக்குங்க. ஆனா கழட்டிப் போட்டுட்டு வந்துடாதீங்க. திரும்ப எடுத்துட்டு வந்துடணும்."

இவ்விதிகளை மாலையில் நூலகத்தில் டீச்சரிடம் ஒப்பித்தேன். நெருப்பு கூடாது என்ற இடத்தில் அவர் நாளிதழை மடித்து வைத்தார்.

"அப்ப பொரியும் கிடையாது."

என்ன பொரி என்று கேட்டேன். அவர்கள் வழக்கத்தில், மணமகளின் குவித்த கைகளில் நெற்பொரியை இடுபவர் அவளுடைய சகோதரர். மணமகள் அதை அக்கினியில் சொரிவாள். தந்தை தாரை வார்த்தாலும், தாலி ஏறினாலும், உடன்பிறந்தவன் கையால் பொரி விழுந்தபின்னரே அவள் பிறந்த வீடு மனமுவந்து அனுப்பியதாகக் கொள்வராம்.

"நெருப்பே கூடாதுன்னுட்டா. அதனால பொரி வேண்டாம். பொரி வேண்டாம்னா அண்ணாவும் வேண்டாம். சௌகரியமாப் போச்சு" என்றார். கணக்கு ஆசிரியர் ஒருவர் கணக்கை முடித்து விடையின் கீழ்க் கோடிடும் குரலில் அதைச் சொன்னார்.

தமையனாரிடம் அவர், தோழிகளுடன் ஊட்டிக்குச் சுற்றுலா செல்வதாக மட்டும் தெரிவித்திருந்தார். யார் யாருடன், எத்தனை நாள் என்று அண்ணன் எதுவும் கேட்கவில்லையாம். இரண்டு நாள் கழித்து அவருடைய மஃப்ளர் ஒன்று துவைத்து மடித்து இவருடைய பயணப்பையின் மேல் இருந்ததாம். "மலையில காத்து காதுல புகுந்துடும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் புறப்பட்டாராம்.

பெருக்குக்கு இரண்டு நாள் இருக்கையில் அந்த அலுவலகத்திலிருந்தே எனக்கு அழைப்பு வந்தது.

"ஐயா, வராதீங்க. ஒரு வாரமா விடாம மழை. ரோட்டுல மரம் விழுந்து கிடக்கு. பார்க்கை மூடியாச்சு. எப்பத் திறக்கும்னு சொல்ல முடியாது."

"ஆடியில மழையா?"

"ஐயா, இங்க ஆடிதான் மழை" என்றார் அவர்.

திருச்சியில் ஆடி என்றால் காற்றும் புழுதியுமே. வானம் ஒரு துளியும் சிந்தாதிருக்க, காவிரியில் மட்டும் புதுப்புனல் நுரைத்துக்கொண்டு வரும். ஆற்றங்கரையில் பிறந்து, ஆண்டுதோறும் அப்புனலுக்குப் பூவும் காப்பரிசியும் படைத்து வந்த நான், அந்த நீர் எங்கோ ஒரு மலையில் மழையாகப் பெய்தாக வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்ததில்லை. கணக்கு ஆசிரியரும் எண்ணிப் பார்க்கவில்லை. காவிரிக் கரையார் இருவர் கூடி, ஆண்டின் மிகக் கடுமையான மழைநாளில் மலையேறத் திட்டம் வகுத்திருந்தோம்.

அன்று மாலையே மகள் எங்கள் இருவரையும் என் வீட்டில் அமர்த்தி வைத்துச் சிரித்தாள். மனம் கொண்ட மட்டும் சிரித்து முடித்தபின், "சரி, தள்ளிப் போடலாமா?" என்றாள்.

"தள்ளிப் போட்டா எனக்கு தைரியம் போயிடும்" என்றார் டீச்சர்.

"அப்ப நம்ம காவிரிப் படித்துறைக்கே வாங்க. பெருக்கு அன்னிக்கு அம்மா மண்டபத்துல ஊரே நிக்கும். எல்லாப் பொம்பளைங்களும் தாலிக்கயிறு மாத்திப்பாங்க. யார் கழுத்துல புதுமஞ்சள் இருந்தாலும் ஏன்னு ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

டீச்சர் நெடுநேரம் யோசித்தார். அம்மா மண்டபம் அவர் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ளது. தமையனாரின் கண்ணுக்கு எட்டாத இடம் வேண்டும் என்றுதான் மலையையே தேடினோம். பின்னர், "அந்த மலையில பெய்யறதும் பவானி வழியா இங்கதானே வந்து சேர்றது" என்றார்.

"இதைப் பெர்மிட் போடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கலாமே டீச்சர்" என்றாள் மகள்.

பெருக்கன்று காலை படித்துறையில் நிற்க இடமில்லை. வாழையிலைகளில் பழமும் காதோலை கருகமணியும் பரப்பி, குடும்பம் குடும்பமாக அமர்ந்திருந்தனர். எங்கும் ஒருவர் கழுத்தில் ஒருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தனர். டீச்சர் அரக்குப் பட்டுடுத்தி வந்தார். சுற்றுலா நின்றுபோயிற்று, காவிரிக்குப் போய்வருகிறேன் என்று தமையனாரிடம் சொல்லிவிட்டு வந்ததாகக் கூறினார். "பட்டுப் புடவையைப் பாத்தார். ஒண்ணும் சொல்லலை."

கீழ்ப்படியில் நின்று மாலை மாற்றிக்கொண்டோம். நான் தாலி கட்டினேன். மூன்றாம் முடிச்சு நெகிழ, அதை மகள் இழுத்து இறுக்க நேரிட்டது. அருகில் அமர்ந்திருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "வருஷா வருஷம் வீட்டுக்காரர் கையாலயே மாத்திப்பீங்களா? கொடுத்து வெச்சவங்க" என்று சொல்லிவிட்டுத் தன் தேங்காயை உடைக்கத் திரும்பினார்.

அப்பொழுதுதான் டீச்சர் மேற்படியை நோக்கி அசைவற்று நின்றதைக் கண்டேன். அங்கே, பன்னிரு திருமண் தரித்து, மேலுத்தரீயத்தில் ஏதோ முடிந்துகொண்டு, தமையனார் நின்றார். கூட்டத்தில் ஒருவரும் தம்மேல் பட்டுவிடாதவாறு ஒதுங்கி நடக்கும் வழக்கமுடையவர், அன்று ஈர உடைகளுக்கும் குழந்தைகளுக்கும் இடையே புகுந்து எங்களிடம் இறங்கி வந்தார்.

"மலைக்குப் போகலையா?"

"மழைண்ணா. மூடிட்டா."

"ம்." அவர் தங்கையின் கழுத்தையும் பார்த்தார்; என்னையும் பார்த்தார். பின்னர் உத்தரீயத்தின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே நெற்பொரி. "உன் பையில வெச்சு விடலாம்னுதான் வாங்கினேன். மூணு நாளா யோசிக்கறேன். பையில வெச்சா அது பொரி போட்டதா ஆகுமான்னு தெரியலை. கையை நீட்டு."

டீச்சர் இரு கைகளையும் குவித்து நீட்டினார். தமையனார் மூன்று முறை பொரியை அள்ளி இட்டார். டீச்சரின் விரலிடுக்குகளில் சில பொரிகள் உதிர்ந்தன.

"அக்னி இல்லையேண்ணா."

"ஜலத்துல விடு. எல்லாம் ஒண்ணுதான்" என்றார். அது அவருடைய ஆசாரத்துக்கு எவ்வளவு உடன்பாடு என்பதை நான் அறியேன். அவர் குரலில் தடுமாற்றம் இல்லை. கலங்கிய செம்புனலில் வெள்ளைப் பொரி சிறிது நேரம் சுழன்று, பின் இழுபட்டுச் சென்றது.

வாழ்த்தோ இசைவோ ஒரு சொல்லும் அவர் கூறவில்லை. அவர் கூற மாட்டார் என்பது டீச்சருக்கு முன்பே தெரியும். என் பக்கம் திரும்பி, "குறுக்கெழுத்துல தப்புத் தப்பா எழுதறது நீங்கதானே?" என்று மட்டும் கேட்டார்.

"இப்ப கொஞ்சம் தேவலைங்க."

"தேவலைன்னு அவளும் சொன்னா."

உத்தரீயத்தை உதறித் தோளில் இட்டுக்கொண்டு படியேறத் தொடங்கினார். நான்கைந்து படிகள் ஏறியபின், திரும்பிப் பாராமலே சொன்னார்.

"நான் கோஷ்டிக்குப் போறேன். வர நாழியாகும். சாவி விளக்குக்குப் பின்னாடிதான் இருக்கு."