இதிலை அவர் நல்லவரோ?

அந்த நடிகரின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அவர் 'எங்கடை ஆள்'. அப்பாவுக்கு 'உங்கடை தொப்பிக்காரன்'. எனக்கோ அவர் யார் என்பது வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை செம்மறியாட்டு மயிர் கத்தரிக்கிற தொழிலாளி, அடுத்த வெள்ளிக்கிழமை குதிரையில் வருகிற பொலிஸ்காரர். முகம் மட்டும் ஒன்றுதான். அடர்ந்த புருவம், வெயிலில் சுருங்கிய கண், பேசுவதற்கு முன் தாடையை ஒருமுறை அசைக்கிற பழக்கம். 

நாங்கள் அப்போது டென்மார்க்கில், பிரெடெரிசியா என்ற ஊரில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, படகேறி அவுஸ்திரேலியாவுக்குப் போய், கரையைக் கண்டதும் பிடிபட்டு, முகாம் ஒன்றில் அடைபட்டிருந்தார். அவரை அங்கே இருக்க விடுவதா, இலங்கைக்குத் திருப்பி அனுப்புவதா என்று விசாரணை நடந்துகொண்டிருந்தது. மாமாவை நான் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். ஆனால் எங்கள் வீட்டுச் சமையல், தூக்கம், அம்மாவின் முகம் எல்லாமே அவருடைய தொலைபேசி அழைப்பை நம்பித்தான் நடந்தன. அழைப்பு வந்த நாளில் குழம்பில் உப்பு சரியாக இருக்கும்.

அம்மா முதலில் நம்பியது பூவைத்தான். சுப்பர்மார்க்கெட்டில் வெள்ளை ரோசாவும் சிவப்பு ரோசாவும் வாங்கி வந்து, இதழ்களைத் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, பிள்ளையார் படத்துக்கு முன்னால் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். குழந்தை கை வைத்தால் பொய்க்காதாம். வெள்ளை வந்தால் மாமாவை விட்டுவிடுவார்கள். நான் எடுத்ததில் சிவப்பு இருந்தது.  அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. வேலையால் வந்த அப்பாவுக்குக் கதை தெரிந்ததும் அவர் போட்ட சத்தம் கீழ் வீட்டு டேனிஷ்காரருக்கும் கேட்டிருக்கும்.

"சின்னப் பிள்ளையின்ரை கையிலை ஏன் உந்த வேலையைக் குடுக்கிறாய்? நாளைக்கு ஒண்டு நடந்தா அவள் தன்னாலை எண்டெல்லோ நினைப்பாள்!"

அப்பா சொன்னது சரிதான். ஆனால் காலம் பிந்திவிட்டது. நான் ஏற்கெனவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் பூ கட்டிப் பார்க்கவில்லை. படங்கள் வந்தன. அம்மா வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஒரு டேனிஷ் முதியவர் இருந்தார். இளம் வயதில் அவுஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணைகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். தன் அறையைக் கூட்டித் துடைக்க வரும் பெண்ணின் தம்பி அந்த நாட்டில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டதும் அவருக்குத் தலைகால் புரியாத சந்தோசம். கொடுத்துவைத்தவன், அந்த வெயிலும் அந்த மனிதர்களும் யாருக்குக் கிடைக்கும் என்றாராம். முகாமைப் பற்றி அம்மா அவருக்குச் சொன்னாரோ தெரியாது. ஒரு துணிப்பை நிறையப் பழைய அவுஸ்திரேலியப் படங்களின் டிவிடிகளைக் கொடுத்துவிட்டார். எல்லாவற்றிலும் அதே நடிகர். அந்த நடிகரின் எந்தப் படத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை போலும்.

டென்மார்க்கில் வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு இனிப்பு நாள். வகுப்பில் எல்லோரும் தங்கள் வீட்டில் என்ன இனிப்பு, என்ன படம் என்றுதான் கதைப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா விளக்கு வைத்து, மரக்கறிச் சாப்பாடு முடிந்த பிறகு, எனக்கு ஒரு கிண்ணத்தில் இனிப்பைக் கொட்டித் தந்துவிட்டு அந்தத் துணிப்பையை நீட்டுவார்.

"பாக்காமல் ஒண்டை எடு, பிள்ளை."

பூவுக்கும் இதையேதான் சொன்னார். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

படம் தொடங்கியதும் அம்மா சால்வையால் காலை மூடிக்கொண்டு கேட்பார்: "இதிலை அவர் நல்லவரோ?"

படங்களில் பேச்சு ஆங்கிலம், அடியில் ஓடுவது டேனிஷ் எழுத்து. எங்களுக்குப் பள்ளியில் ஆங்கிலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. டேனிஷ் எழுத்து வேகமாக ஓடுகிறது, தனக்குப் பிடிபடாது என்று அம்மா சொல்லிவிட்டார். ஆகவே நான் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும். மற்ற நாட்களில் அம்மா தமிழில் கேட்டால் நான் டேனிஷில் பதில் சொல்லித் தப்பிவிடுவேன். வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தப்பல் இல்லை.

ஆட்டு மயிர் கத்தரித்த படத்தில் அவர் நல்லவர். கூட வேலை செய்தவனை முதலாளி துரத்தியபோது கத்தரியைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தார். அடுத்த நாளே மாமா தொலைபேசி எடுத்தார். அம்மா சிரித்துக் கதைத்தார். அடுத்த கிழமை அவர் பொலிஸ்காரராக வந்து ஒரு ஏழையின் குடிசைக்கு நெருப்பு வைத்தார். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்தக் கிழமை மாமா எடுக்கவில்லை. அம்மா தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோனார்.

அதோடு எனக்குக் கணக்கு விளங்கிவிட்டது. தொப்பிக்காரர் நல்லவராக இருந்தால் மாமா தப்புவார். கெட்டவராக இருந்தால், அதை நினைக்கவே பயம். பையில் கைவிடும்போது என் விரல்கள் ஈரமாகிவிடும். பள்ளியில் கணிதப் பாடத்தின்போதுகூட, பையில் இன்னும் எத்தனை படம் கிடக்கிறது, அவற்றில் இந்த மனிதர் என்ன என்ன அநியாயம் செய்யப்போகிறார் என்ற யோசனைதான். ஒரே மனிதர் ஏன் ஒழுங்காக நல்லவராகவே இருந்துவிடக் கூடாது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மற்றவர்களுடைய வீட்டில் நடிகர்கள் பொழுதுபோக்குக்கு நடிக்கிறார்கள். எங்களுடைய ஆளோ மாமாவின் உயிரைப் பிடித்துக்கொண்டல்லவா நடித்தார்.

மூன்றாவது படத்தில் வழிப்பறிக் கொள்ளைக்காரராக வந்தார். துப்பாக்கியைக் காட்டி ஒரு வண்டியை மறித்தார். 

"என்னவாம்?" என்றார் அம்மா.

"இனி அந்தப் பக்கம் போகாதேங்கோ, பாலம் உடைஞ்சு போச்சாம்."

"அதுக்கு ஏன் துவக்கு?"

"அங்கை பாம்பு கனக்க, அம்மா."

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "நல்ல மனுசன்தான்" என்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மாமா எடுத்தார்.

பிறகென்ன, துணிந்துவிட்டேன். பாலைவனத்து ஊரில் குடித்துவிட்டு விழுந்து கிடந்த பள்ளி ஆசிரியருக்குச் சுகமில்லை என்றும், போத்தலில் இருப்பது மருந்து என்றும் சொன்னேன். அன்று நேரத்தோடு வந்திருந்த அப்பா வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டு, "உந்த மருந்து எனக்கும் வேணும்" என்று வாயைத் திறந்தார். அம்மா ஒரு பார்வை பார்த்தார். அப்பா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு பேசாமல் குசினிக்குள் போய்விட்டார். அவுஸ்திரேலியாவில் எல்லோரும் தங்கமான ஆட்களாக இருக்கிறார்களே என்று அங்கிருந்து மெல்லச் சொன்னது மட்டும் கேட்டது.

பையில் கடைசியாக இருந்தது நீதிபதி.

அந்த வெள்ளிக்கிழமை மழை. நான் பள்ளியால் வந்தபோது அம்மா வழமைக்கு மாறாக வீட்டில் இருந்தார். தலையிடி என்று வேலையால் நேரத்தோடு வந்துவிட்டாராம். விளக்கு வைக்கையில் திரியை இரண்டு தரம் மாற்றினார். இன்றைக்குப் படம் வேண்டாம் என்பார் என்று நான் உள்ளுக்குள் எவ்வளவோ ஆசைப்பட்டேன். ஆனால் அம்மா பையைக் கொண்டுவந்தார். எடுப்பதற்கு ஒன்றுதான் இருந்தது. அப்படியிருந்தும் பார்க்காமல் எடு என்றார்.

எங்கள் ஆள் வெள்ளை மயிர்த்தொப்பி போட்டு உயரத்தில் உட்கார்ந்திருந்தார். கீழே கூண்டில் ஒரு மெலிந்த பொடியன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு அவன் மாமா போலவே தெரிந்தான். படம் முழுக்க வழக்குத்தான். சாட்சிகள் வருகிறார்கள், போகிறார்கள். நான் எல்லோரையும் அவனுக்கு ஆதரவாகப் பேசவைத்தேன். அம்மா வழமையாகக் கேட்கிற கேள்விகளை அன்று கேட்கவில்லை. இனிப்புக் கிண்ணம் என் மடியில் அப்படியே இருந்தது.

கடைசியில் நீதிபதி தாடையை அசைத்தார். எழுத்து வந்தது. அந்தப் பொடியனைத் தூக்கிலிடச் சொல்லியிருந்தது.  எழுத்து மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சொல்லுறார், பிள்ளை?" அம்மாவின் குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

"விடுதலையாம், அம்மா. அவன் போகலாமாம்."

அம்மா அசையவில்லை. திரையில் அந்தப் பொடியனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்கு என்ன பொய் சொல்லலாம் என்று நான் அவசர அவசரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மா அதைக் கேட்கவே இல்லை.

"திருப்பிச் சொல்லு."

"விடுதலையாம். அவனிலை பிழையில்லையாம். அவன் இனி இஞ்சையே இருக்கலாமாம்."

அம்மா என்னை இழுத்துச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய கை குளிர்ந்திருந்தது. என் தலையில் கன்னத்தை வைத்து வெகுநேரம் அப்படியே இருந்தார். நான் மாமாவைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அப்போதுதான் கிண்ணத்தைத் தேடி இனிப்புச் சாப்பிடத் தொடங்கினேன்.

சனிக்கிழமை மாமா எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கவில்லை. பிறகு அவர் எடுத்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து எடுத்தார். அவர்கள் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். பிள்ளையாருக்கும் டேனிஷ் வாசிக்கத் தெரியும் என்பதை நான் யோசிக்காமல் விட்டதுதான் காரணம் என்று கனகாலம் நம்பினேன். துணிப்பை முதியவரிடம் திரும்பிப் போனது. அந்த முகத்தை அதன் பிறகு நான் எங்கும் பார்க்க விரும்பியதில்லை.

வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணம் போய் மாமாவைப் பார்த்தேன். மெலிந்த பொடியனாக இல்லை. தொந்தியும் நரையுமாக, வான் ஓட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறார். என்னை ஏற்றிக்கொண்டு போன வழியில் ஒரு பள்ளிக்கூடத்தைக் காட்டினார்.

"கொம்மா இஞ்சைதான் இங்கிலிஸ் படிப்பிச்சவ. தெரியுமெல்லோ? நானும் அக்காட்டைதான் படிச்சனான். அதாலைதான் அங்கை முகாமிலை வாய் திறந்து கதைக்க ஏலுமாயிருந்தது."

எனக்குத் தெரியாது. அம்மா சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த டேனிஷ் முதியவரும் அம்மாவும் எந்த மொழியில் அவ்வளவு கதை பேசினார்கள் என்றுகூட நான் யோசித்ததில்லை.

மாமா வானை ஓட்டிக்கொண்டே மற்றதையும் சொன்னார். இனிச் சரிவராது என்று முடிவு வந்ததும் அவர் முதலில் எடுத்தது அக்காவுக்குத்தான். அக்கா வேலையில் நின்றவவாம். அது ஒரு வெள்ளிக்கிழமையாம்.

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தலையிடி என்று வேலையால் நேரத்தோடு வந்திருந்த அம்மா அன்று என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னது, மழைச் சத்தத்தில் நான் சொன்னது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதற்காக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.