கட்டம்போட்ட சட்டைக்காரர் எடுத்த குறி

போன ஞாயிற்றுக்கிழமை மகள் எங்கள் சமையலறையில் நின்று மாம்பழம் தின்றாள். தின்றுகொண்டே இடது கைக் கட்டைவிரலால் செல்போனில் குறி விளித்தாள். கோயமுத்தூரில் அவளும் மாப்பிள்ளையும் பிளாட் வாங்கப் பணம் சேர்க்கிறார்கள். நாலு தட்டு தட்டினாள், முடிந்துவிட்டது என்றாள். யாரோடு போட்டி என்று கேட்டேன். பேரெல்லாம் காட்டாதாம், ஆளுக்கொரு நம்பர்தானாம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மாம்பழ வாசனை வேறு சும்மா இருக்க விடவில்லை.

நீங்கள் வேறு பக்கத்துக்காரராக இருந்தால் சொல்லிவிடுகிறேன். சீட்டுப் பிடிப்பதைப் பாலக்காட்டில் குறி என்போம், ஏலம் கேட்பதை விளிப்பது என்போம். மாதாமாதம் எல்லாரும் கட்ட வேண்டும். யார் மொத்தத் தொகையில் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ அவருக்கு அந்த மாதக் குறி. விட்ட பணம் எல்லாருக்கும் பங்கு. அதாவது, இரண்டு பேர் முட்டிக்கொண்டால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம்.

எங்கள் காலத்துக் குறி முதலமடையில் ஒரு மாங்காய் மண்டியின் மாடியில் நடந்தது. கீழே வைக்கோலுக்குள் பழுக்கும் வாசனை படியேறி மேலே வந்துவிடும். அந்த மண்டியில்தான் நான் எடை எழுதிக்கொண்டிருந்தேன். குறி நடத்திய மயில்சாமி அண்ணன் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அந்த நல்ல குணம்தான் எங்களைக் கவிழ்த்தது.

நானும் என் மனைவி சாந்தாமணியும் சித்தூரில் வாடகைக்கு இருந்தோம். அவளுக்கு அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை. எங்கள் தெருவிலேயே இரண்டு அறை, ஒரு கிணறு, ஓடு போட்ட வீடு ஒன்று விலைக்கு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தைந்தாயிரம் அட்வான்ஸ் தராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். எங்கே போவது அவ்வளவு பணத்துக்கு என்று இருவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்தோம். உள்ளுக்குள் எனக்கு ஒரே குதியாட்டம். ஏனென்றால் ஒரு வருடமாக, சம்பளம் குறைந்துவிட்டது என்று அவளிடம் பொய் சொல்லி, கமுக்கமாக ஐம்பதாயிரம் ரூபாய்க் குறி ஒன்று கட்டிக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்லக் கூடாது என்று மயில்சாமி அண்ணனிடம் சத்தியமே வாங்கியிருந்தேன்.

ஞாயிறன்று லோடு ஏற்றப் போவதாகச் சொல்லிவிட்டு மாடியேறினேன். போட்டியில்லாவிட்டால் இரண்டாயிரத்தோடு முடிகிற குறி. நான் கேட்டதுதான் தாமதம், மூலையில் கட்டம்போட்ட சட்டைக்காரர் ஒருவர் இரண்டரை என்றார். முன்பின் பார்க்காத ஆள். நான் மூன்று என்றேன். அவர் விடவில்லை. மயில்சாமி அண்ணனுக்கோ வேர்த்துக் கொட்டியது. நடுவில் டீ வரவழைத்தார், மின்விசிறியை நிறுத்திப் போட்டார், இருமினார். பத்தாயிரத்தில் என் தோளைத் தொட்டு, “தம்பி, இந்த மாசம் உட்டுப் போடுங்களே” என்றார். அந்த ஆளுக்கு வால் பிடிக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாலு வரை போனேன். பதினைந்து வரை போயிருக்கலாம்தான்; ஆனால் பால் காய்ச்சும் நாளைக்கு லட்டு வாங்க ஆயிரம் ஒதுக்கி வைத்திருந்தேன். வீட்டையே காணோம், லட்டுக்கு ஒதுக்கீடு! அவர் பதினாலரை என்று சொல்லித் தட்டிக்கொண்டு போனார். சுற்றியிருந்தவர்கள் ஆனந்தமாக டீ குடித்தார்கள். யார் பேரில் எழுதினீர்கள் என்று அண்ணனைக் கேட்டேன்.

“ஊட்டுக்குப் போங்க தம்பி. அங்க தெரியும்.”

முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தேன். சாந்தா வாசலிலேயே நின்றாள், முகமெல்லாம் பல். என் கோலத்தைப் பார்த்ததும் என்ன என்று கேட்டாள். அழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினேன். ஒருவருடப் பொய், குறி, கட்டம்போட்ட சட்டை, எல்லாம்.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏனுங்க, அவரு எங்க கடைக்கு மாத்திரை கொண்டாரவருங்க. நாந்தான் அனுப்புனேன். நான் வந்தா மண்டியில உங்களுக்குத் தெரிஞ்சுபோயிருமில்லீங்க.”

அவளும் அதே குறியில் கமுக்கமாகச் சேர்ந்து, அதே அண்ணனிடம் அதே சத்தியத்தை வாங்கியிருக்கிறாள். மருந்துக்கடையில் சம்பளப் பாக்கி என்று ஒரு வருடமாக அவள் சொன்னதை நம்பி, பாவம் என்று நான் பரோட்டா தின்பதையே நிறுத்தியிருந்தேன்.

“எவனோ ஒருத்தன் உடாம ஏத்துனான்னு சொன்னாரு. இத்தன நேரம் அவன வாய்க்கு வந்தபடி திட்டிட்டிருந்தேன்” என்றாள்.

அந்த எவனோ நான்தான், அவள் எதிரிலேயே நின்றேன். பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்தை ஊருக்குத் தானம் செய்துவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்தோம். சத்தம் கேட்டு வீட்டுச் சொந்தக்காரர் எட்டிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுத்தபோது மிச்சம் ஐந்நூறு ரூபாய் இருந்தது. பால் காய்ச்சிய அன்று குறிக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். லட்டு அவர்களே வாங்கி வந்தார்கள், எங்கள் பணத்தில்தான்.

மயில்சாமி அண்ணன் இப்போது இல்லை. மண்டி மாடியில் செல்போன் டவர் நிற்கிறது. இன்று என் பாங்குக் கணக்கின் ரகசிய எண் முதற்கொண்டு சாந்தாவுக்குத் தெரியும், அவளுடையது எனக்கும் தெரியும். நல்லதுதான். ஆனாலும் என்னிடம் பொய் சொல்லி எனக்காகவே என்னைத் தோற்கடித்த அவளோடு இன்னொரு தடவை மோதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஒளித்து வைக்கத்தான் எங்களிடம் ஒன்றுமே மிச்சமில்லை.